சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும், குளோரின் விஷவாயு. இரண்டும் சேர்ந்த உப்பை மட்டும் எப்படிச் சாப்பிட முடிகிறது?

எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கம். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பத்தாம் வகுப்பில் இதே கேள்வி வந்து, அன்று இரவு சோற்றில் உப்புப் போடவே கை தயங்கியது.

உப்பில் சோடியம் உலோகமும் இல்லை, குளோரின் வாயுவும் இல்லை. அவற்றின் அயனிகள்தான் இருக்கின்றன, அதாவது எலக்ட்ரானை இழந்து பிளஸ் ஆன சோடியமும், எலக்ட்ரானை வாங்கி மைனஸ் ஆன குளோரினும். வித்தியாசம் ஒரே ஒரு எலக்ட்ரான்.

சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள், 2, 8, 1 என்று கூடு கூடாக. குளோரினில் 17, அதாவது 2, 8, 7. சோடியத்தின் வெளிக்கூட்டில் தனியாக நிற்கும் அந்த ஒன்றுதான் எல்லா ரகளைக்கும் காரணம். தண்ணீர் பட்டதும் அது கழன்றுபோகும், ஹைட்ரஜன் கிளம்பும், சூடேறித் தீப்பிடிக்கும். குளோரினுக்கு ஒன்று குறை. கிடைத்த இடத்தில் பிடுங்கும், நுரையீரலாக இருந்தாலும் சரி. சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினிடம் விட்டுவிட்டால் இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு. அப்புறம் கொடுக்கவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. உட்கருவில் எதுவும் மாறவில்லை. ஆனால் குணம் அடியோடு மாறிவிட்டது.

பலரும் உப்பை ஒரு சோடியம், ஒரு குளோரின் என்று ஜோடி ஜோடியாக நினைக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு (குளோரின் அயனி), ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். யாருக்கு யார் ஜோடி என்றே சொல்ல முடியாது. பாத்தியில் வாரிய கல் உப்பில் பெரிதாக ஒன்றை எடுத்துப் பாருங்கள், ஓரங்கள் சதுரம் சதுரமாக இருக்கும். கத்தி முனையை வைத்துத் தட்டினால் நொறுங்காமல் வழவழப்பான முகத்தோடு பிளக்கும். அடுக்கு லேசாக நகர்ந்ததும் பிளஸுக்கு எதிரே பிளஸ் வந்துவிடுகிறது, ஒன்றையொன்று தள்ளிவிடுகிறது. அணு அடுக்கை வெறும் கையால் உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்தப் பிணைப்பை உப்பளத்தில் யாரும் உண்டாக்குவதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள், எல்லாம் ஏற்கெனவே அயனிகளாகக் கரைந்து கிடக்கின்றன. வெயில் தண்ணீரை மட்டும் கொண்டுபோகிறது. ஜிப்சம் முன்னாலேயே படிந்துவிடும், அப்புறம் நம் உப்பு. கடைசியில் மிஞ்சுவது மக்னீசிய உப்புகள் நிறைந்த கசப்புத் தண்ணீர். அதை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் கசக்கும், மழைக்காலத்தில் கசிந்து ஒழுகும்.

பனங்கற்கண்டும் படிகம்தான், ஆனால் அங்கே நடப்பது வேறு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொண்டு மூலக்கூறாக நிற்கின்றன. சட்டியில் போட்டுச் சூடாக்கினால் உருகிக் கருகிவிடும். உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

உருகினாலும் அந்த எலக்ட்ரான் திரும்பி வராது. 1807இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சோடியத்தை முதன்முதலில் பிரித்தபோது, உருக்கிய காஸ்டிக் சோடாவில் (சோடியம் ஹைட்ராக்சைடு) மின்சாரம் பாய்ச்சித்தான் சோடியம் அயனியை எலக்ட்ரான் வாங்க வைக்க முடிந்தது. நம் வயிற்றில் அப்படி எதுவும் நடக்க வழியில்லை.