மலைநாட்டுக் கோப்பியில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி: "ஒரே தோட்டத்து மலைநாட்டுக் கோப்பி" என்று இப்போது விலை கூட்டி விற்கிறார்கள். வன்னியில் நாங்கள் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு இடிக்கிற கோப்பியைவிட அதில் என்ன விசேஷம்? வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வாங்கி வந்து மல்லி, வேர்க்கொம்பு போட்டு இடித்துவிடாதீர்கள். அது வேறு குடிநீர், இது வேறு. செத்தவீட்டில் இராமுழுக்க விழித்திருக்கிறவர்களுக்குக் கேத்தில் கேத்திலாக ஊற்றுகிற நம் கோப்பிக்குக் காரமும் சூடும்தான் முக்கியம். அதில் கொட்டை எந்த ஊரில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒரே இடத்துக் கோப்பியை அந்த இடத்தின் ருசிக்காகத்தான் வாங்குகிறோம். மல்லி வாசம் அதை மூடிவிடும்.

என் அம்மாயி பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்தவர். லயத்துக்குப் பின்னால் நாலைந்து கோப்பி மரம் நின்றதாம். செக்கச் சிவந்த பழத்தை மட்டும் பறித்து, சாக்கில் காயப்போட்டு, உரலில் மெல்லக் குத்தித் தோலைப் புடைத்து எடுப்பார்கள். இங்கே வந்த பிறகு ஊரில் இருந்து கொட்டை கொண்டுவந்து கிணற்றடியில் நட்டுப் பார்த்தார். முளைத்த கன்று ஆவணி வெயிலைத் தாங்கவில்லை. அரபிக்கா என்கிற கோப்பி இனத்துக்கு மலைக்குளிர் வேண்டும். குளிரில் பழம் ஆறுதலாகப் பழுக்கும், கொட்டை இறுகும், இலேசான புளிப்பும் இனிப்பும் ஏறும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற காசு அதற்குத்தான். கடையில் மலிவாகக் கிடைக்கிற தூள் பெரும்பாலும் ரொபஸ்டா என்கிற மற்ற இனம், அல்லது பல இடத்துக் கொட்டைகளின் கலவை. கசப்புத்தான் முன்னுக்கு நிற்கும்.

அம்மாயி வறுப்பதைப் பார்த்திருக்கிறேன். மண்சட்டி, அடங்கிய நெருப்பு, அகப்பை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கொட்டை முதலில் பச்சையில் இருந்து மஞ்சளாகும், வைக்கோல் மணம் வரும். பிறகு படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அடங்கின உடனேயே சுளகில் கொட்டி விசிறிவிடுவார். பக்கத்து வீட்டு மாமி, "இன்னும் கறுக்கேல்லையே!" என்பார். "கறுத்தா எல்லாக் கோப்பியும் ஒரே கோப்பிதான்" என்பது அம்மாயியின் பதில்.

வன்னியில் இருக்கிற நாம் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று. தேயிலைக்கு முன்னால் மலைநாடு முழுக்கக் கோப்பிதான். அதைப் பறிக்கத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணிக்குப் பின்னால் நம் காடுகளுக்கூடாக மாத்தளை வரை நடந்தார்கள். கோப்பி பருவ வேலை. அறுவடை முடிந்ததும் பலர் அதே வழியால் திரும்பி நடந்தார்கள். தண்ணியில்லாமலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய எலும்பு கிடக்கிற மண்ணில்தான் நாம் வேலி போட்டு வீடு கட்டியிருக்கிறோம். 2023 ஜூலை கடைசியில் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நினைவு நடை போனபோது நானும் ஒரு நாள் சேர்ந்து நடந்தேன். தார் ரோட்டில், கையில் தண்ணிப் போத்தலோடு நடந்தே மத்தியானத்துக்குள் கால் கொப்பளித்துவிட்டது.

1869இல் இலைத்துரு நோய் வந்தது. இருபது வருஷத்துக்குள் பெரிய தோட்டங்களில் கோப்பி அழிந்து, தேயிலை ஏறிவிட்டது. நோய் இன்னும் போகவில்லை. போன வருஷம் பதுளையில் சித்தப்பா வீட்டுக் கோப்பி மரத்தின் இலையைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் செம்மஞ்சள் பொட்டுகள். தடவினால் மஞ்சள் தூள்போல விரலில் ஒட்டுகிறது. இவ்வளவு சின்னத் தூள் ஒரு நாட்டின் பயிரையே மாற்றியதா என்று விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால் இன்றைக்கு யாராவது அரபிக்காவைக் காப்பாற்றி, பழம் பார்த்துப் பறித்து, ஊர்ப் பெயர் போட்டு விற்றால் அந்த விலை எனக்குக் கூடுதலாகத் தெரியவில்லை. பெயர் மட்டும் போட்டால் போதாது. எந்த ஊர், என்ன உயரம், எப்போது வறுத்தது என்று பக்கற்றில் இருக்கிறதா பாருங்கள். "மலைநாடு" என்று பொதுவாகப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, எப்படிப் போடுவது? மெஷின் ஒன்றும் வேண்டாம். முழுக் கொட்டையாக வாங்கி, குடிக்கிற அன்றைக்கு உரலிலோ அம்மியிலோ ரவைப் பதத்துக்கு இடியுங்கள். ஒரு பெரிய கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி. தண்ணி கொதித்ததும் இறக்கி, அரை நிமிஷம் ஆறவிட்டு ஊற்றி, நாலு நிமிஷம் மூடி வையுங்கள். பிறகு துணியில் வடியுங்கள். முதல் கோப்பையைப் பாலும் சீனியும் இல்லாமல் குடியுங்கள். வெறுமையாக இறங்கவில்லை என்றால் அம்மாயி வன்னிக்கு வந்து பழகிய மாதிரி, ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளுங்கள். கோப்பிக்குள் மட்டும் போடாதீர்கள்.