மறுமொழி: மிக்சினில் எழுதிய ஓப்அப்ளை, பிரேக் போட்டும் நிற்காத சுற்று

வணக்கம் நண்பரே. டி (D) நிரல்மொழியில் பல ஸ்ட்ரக்ட்களுக்கு ஒரே மிக்சின் டெம்ப்ளேட் (ஒரே கோடைப் பல இடங்களில் செருகும் அச்சு) வழியாக ஓப்அப்ளை (opApply, ஃபோர்ஈச் சுற்று உறுப்புகளை எடுக்க அழைக்கும் ஃபங்ஷன்) கொடுத்திருக்கிறீர்கள். பிரேக் போட்டாலும் ஃபோர்ஈச் நிற்கவில்லை; ஒரு ஸ்ட்ரக்டில் மட்டும் கம்பைலர் மிக்சினைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது: ஃபோர்ஈச்சின் உடலை கம்பைலர் ஒரு டெலிகேட்டாக (தன் சூழலோடு சேர்த்துக் கைமாற்றக்கூடிய ஃபங்ஷனாக) மாற்றித்தான் ஓப்அப்ளையிடம் தருகிறது. உள்ளே பிரேக்கோ ரிட்டர்னோ வந்தால் அந்த டெலிகேட் 0 அல்லாத எண்ணைத் திருப்பும். உங்கள் கோடு அதை வாங்கிப் பார்க்காமல் அடுத்த உறுப்புக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு அழைப்பின் விடையையும் ஒரு மாறியில் வாங்குங்கள். 0 இல்லையென்றால் அந்த எண்ணையே அப்படியே உடனே ரிட்டர்ன் செய்யுங்கள். 1 என்று நீங்களாகப் போடாதீர்கள், எங்கே தாவ வேண்டும் என்ற தகவல் அந்த எண்ணில்தான் இருக்கிறது. கடைசிவரை ஓடினால் மட்டும் 0.

அடுத்தது, மிக்சின் கண்டுகொள்ளப்படாத அந்த ஸ்ட்ரக்டில் குறியீட்டெண்ணோடு சுற்ற இன்னொரு ஓப்அப்ளையை நேரடியாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? ஸ்ட்ரக்டிலேயே நேரடியாக அதே பெயர் இருந்தால் மிக்சினில் இருப்பது மறைந்துவிடும், ஓவர்லோடாக (ஒரே பெயரில் இன்னொரு வடிவமாக) சேராது. மிக்சினுக்கு ‘சுற்று’ மாதிரி ஒரு பெயர் வைத்து, ஏலியஸ் (alias, மாற்றுப்பெயர்) ஓப்அப்ளை = சுற்று.ஓப்அப்ளை என்று ஒரு வரி சேருங்கள். இரண்டும் வேலை செய்யும்.

அப்புறம், மேப் (ஒவ்வொரு உறுப்பையும் மாற்றுவது), ஃபில்டர் (வேண்டியதை மட்டும் வடிகட்டுவது) எல்லாம் தேவைப்படும் என்றால் எம்ப்டி (முடிந்ததா), ஃபிரண்ட் (இப்போதைய உறுப்பு), பாப்ஃபிரண்ட் (அடுத்ததற்கு நகர்வது) மூன்றையும் எழுதி ரேஞ்சாக (உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் வடிவமாக) மாற்றுவதே நல்லது என்பேன். ஆனால் ஓப்அப்ளையும் கூடவே இருந்தால் ஃபோர்ஈச் அதைத்தான் முதலில் எடுக்கும்.