வாசகர் கேள்வி பதில்: ஆச்சியின் ஓலைக்கொட்டான்

கேள்வி: எங்கள் பாட்டி போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நினைவு ஆராதனையில் கொடுப்பதற்கு ஒரு சிறு மலர் அச்சிடுகிறோம். எழுதுகிற பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். 'ஜெப வீராங்கனை, அன்பின் சிகரம், திருச்சபையின் தூண்' என்று எழுதிப் பார்த்தேன். எதுவும் பொய் இல்லை. ஆனால் படித்தால் எங்கள் பாட்டி மாதிரியே இல்லை. என்ன செய்வது?
(ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: அந்த மூன்று பட்டங்களையும் எடுத்துவிடுங்கள் மகளே. அவை எந்தப் பாட்டிக்கும் பொருந்தும். உங்கள் பாட்டி காலையில் எழுந்ததும் என்ன செய்தார், எதற்குக் கோபப்பட்டார், யார் வீட்டுக்குச் சொல்லாமலே போய் நின்றார் என்று எழுதுங்கள். என் ஆச்சியை வைத்தே சொல்கிறேன்.

ஆச்சி திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரி. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841-இல் வந்து குடியேறிய ஊர் இடையன்குடி. அவர் கட்டிய கிறிஸ்தவக் கோயில் பிரதிஷ்டையானது 1880-இல். இந்த வருஷக் கணக்கெல்லாம் ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மாள் கொண்டுவந்த லேஸ் பின்னல் நன்றாகத் தெரியும். எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை அது. மகள் வழியாக இடையன்குடிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுத் திண்ணைக்கும் வந்தது. கெட்டியான தலையணைமேல் புள்ளி குத்திய காகிதம், அதன்மேல் குண்டூசிகள், நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகள். ஆச்சியின் விரல்கள் அந்தக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கும், வாய் கீர்த்தனை பாடும். லேஸ் விற்ற காசில்தான் என் அத்தை படித்து டீச்சரானாள். 'பிள்ளைகளின் கல்விக்காக அரும்பாடுபட்டார்' என்று ஒரு வரியில் எழுதியிருந்தால், அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.

பக்தியைப் பற்றி எழுதுவதுதான் கஷ்டம். உள்ளே இருப்பதை எப்படிக் காட்டுவது? நான் எழுதுவதாக இருந்தால் ஓலைக்கொட்டானை, அந்தப் பனையோலைப் பெட்டியை எழுதுவேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு காணிக்கை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆச்சி உலைக்கு அரிசி அளந்து, களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொட்டானில் போடுவாள். மூட்டையிலிருந்து எடுக்கமாட்டாள். அளந்ததிலிருந்து எடுத்தால்தான் அன்றைக்கு நம் வீட்டில் அந்த ஒரு பிடி குறையும். அதுதான் அவளுக்கு முக்கியம். செம்மணல் தேரிக்காட்டில் நெல்லுச்சோறு தினமும் கிடைக்காத காலம் அவளுடைய காலம். அரிசி இல்லாத நாளில் கம்பில் ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறாள். மாசக் கடைசியில் கொட்டான் கோயிலுக்குப் போகும், அதை விற்ற பணம் ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் போகும். சின்னப் பிள்ளையில் எனக்குப் பசித்த ஒரு நாள், 'இதை வடித்துக் கொடேன் ஆச்சி' என்று கொட்டானைக் காட்டினேன். 'அது நம்மளது இல்ல மக்கா' என்றாள். அவ்வளவுதான், விளக்கமெல்லாம் சொல்லவில்லை. தன் பங்குக் கஞ்சியை எனக்கு ஊற்றினாள்.

ராத்திரி ஜெபம் நீளமானது. பேரன் பேத்திகள் ஒவ்வொருவர் பெயராக வரும், அப்புறம் ஊரார் பெயர். பிரசவத்துக்கு நாள் நெருங்கியவள், காய்ச்சலில் கிடக்கிறவன், பனையேறப் போகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். பனையிலிருந்து விழுந்தால் என்னவாகும் என்று தெரிந்த ஊர் அது. பதநீர் இறக்குகிற மாசங்களில் அந்தப் பெயர்களைச் சொல்லும்போது அவள் குரலே மாறிவிடும். எல்லைத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் விடமாட்டாள். எங்கள் தாத்தாவுக்கு அது பிடிக்காது, தொண்டையைக் கனைப்பார். ஆச்சி இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவாள்.

ஊழியம் என்று அவள் எதையும் தனியாகச் சொன்னதில்லை. சபையாரெல்லாம் சேர்ந்து உண்கிற அசனம் வந்தால் விடிய விடியக் காய் நறுக்குகிற பெண்களோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு வீட்டில் சாவு என்றால் குளிப்பாட்ட முதல் ஆளாகப் போவாள். கருப்பட்டி காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றும்போது, கேட்பாரில்லாத கிழவிக்கு என்று ஒரு சிரட்டை தனியே ஒதுங்கும்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். பாட்டியின் வேதப் புத்தகத்தை எடுத்து முன்பக்க வெற்றுத் தாள்களைப் பாருங்கள். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் அங்கே எழுதி வைப்பது பழைய வழக்கம். சிவப்பு மையால் கோடு போட்ட வசனங்கள் இருந்தால், ஓரத்தில் தேதி குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். சபைப் பதிவேட்டைப் பார்க்கப் போதகர் ஐயரிடம் அனுமதி கேளுங்கள். எல்லாவற்றையும்விட, அடக்கத்துக்கு வந்து அழுதவர்களில் உங்களுக்கு அடையாளம் தெரியாதவர்கள் யார் என்று யோசியுங்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். பாட்டி உங்களிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கும்.

கேள்வி: என் பாட்டி ஊருக்கெல்லாம் உதவியவர். ஆனால் என் அம்மாவை மருமகளாக நடத்திய விதம் சரியில்லை. நினைவஞ்சலியில் அதைச் சொல்லலாமா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: அந்தக் காயம் உங்கள் அம்மாவுடையது. சொல்வதா வேண்டாமா என்று அவர்தான் தீர்மானிக்க வேண்டும், அவரையே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் 'மருமகளை மகளாகப் பாவித்தார்' என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள். உங்கள் அம்மா அந்தச் சபையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டி இருந்தவரை பிடி அரிசி எடுத்து வைப்பார், கோயிலில் பொங்கி ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். காஞ்சிப் பெரியவர் சொன்னது என்பார். இப்போது நாங்கள் இருவர் மட்டும். அதைத் தொடர ஆசை. இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் ஆச்சியும் உங்கள் பாட்டியும் ஒரே அடுப்படியில் நின்ற மாதிரி இருந்தது. மிசோரம் கிறிஸ்தவர்களும் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி ஒதுக்குகிறார்கள். பெரிய ஊழியங்களே அதில் நடக்கின்றன. வள்ளலார் 1867-இல் வடலூரில் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது என்றால், எத்தனையோ வீடுகள் அரிசி கொடுத்ததும் அதற்குக் காரணம்.

இருவர் என்றாலும் தாராளமாகச் செய்யலாம். குக்கருக்கு டம்ளரில் அளந்தபிறகு அதிலிருந்து எடுங்கள். நீங்கள் சாப்பிடுகிற அதே அரிசியாக இருக்கட்டும். அடுக்குமாடியில் நாலு வீடு சேர்ந்தால் மாசத்துக்கு ஒரு நல்ல அளவு வரும். தினமும் சமைக்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள், அன்னதானம் நடக்கிற கோயிலோ முதியோர் இல்லமோ எதுவானாலும் சரி. எந்த அரிசி வேண்டும், பச்சையா புழுங்கலா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் கலந்தால் அவர்களுக்கு வடிப்பது சிரமம். வண்டு விழாமலிருக்க டப்பாவில் இரண்டு மிளகாய் வற்றல் போட்டு வையுங்கள்.