மேரேஜில் வயது இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் மாலை நேரங்களில் டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். ‘ஏஜ்’ என்று முடியும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு இலக்கணக் கையேட்டில் ஐந்து பொருள் போட்டிருக்கிறார்கள்: செயல், நிலை, இடம், அளவு, கட்டணம். எது எங்கே வரும் என்று சொல்லவில்லை. ஒரு பையன், “மேரேஜ் என்றால் அதற்குரிய ஏஜ் வந்தவர்கள் செய்வதுதானே டீச்சர்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கும் பதில் தெரியவில்லை. இன்னொன்று: வேஸ்ட், வேஸ்டேஜ் இரண்டும் ஒன்றுதானா?

வாசகி, மண்டபம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

சிரித்தவர்களிடம் சொல்லுங்கள், அவன் கேட்டது வீண் கேள்வி அல்ல. லத்தீனில் ‘ஆத்திகும்’ என்றொரு விகுதி இருந்தது. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘ஆஜ்’ என்று தேய்ந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. மேரேஜின் வால் அதுதான், வயது அல்ல. வேடிக்கை என்னவென்றால், வயதைக் குறிக்கும் ‘ஏஜ்’ என்ற சொல்லும் ஆயுளைக் குறித்த லத்தீன் சொல்லோடு இதே விகுதி சேர்ந்து பிறந்ததுதான். அடிச்சொல் கரைந்துபோய் விகுதி மட்டும் நிற்கிறது.

கையேட்டின் ஐந்து பொருளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பிள்ளைகளைப் பாம்பன் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். குந்துகால் அருகே ஒரு சரக்குக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி, தூக்குப்பாலம் திறக்கக் காத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நிற்கிற இடம் ஆங்கரேஜ். அப்படி நிற்பதற்குத் துறைமுகங்கள் வாங்கும் கட்டணத்துக்கும் அதே பெயர். ஆழம் குறைந்த கால்வாயில் வழிகாட்ட பைலட் ஏறுகிறார். அவர் செய்யும் வேலையும் பைலட்டேஜ், அதற்குத் தரும் பணமும் பைலட்டேஜ். கப்பலின் கொள்ளளவு டன்னேஜ். அதுவும் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் இறக்கிய ஒயின் பீப்பாய்களுக்குப் போட்ட வரிதான். ஒரு வேலை நடக்கிறது, அதை அளக்கிறார்கள், அளந்ததற்குக் காசு கேட்கிறார்கள். கையேடு தனித்தனியாக அடுக்கியதெல்லாம் இந்த ஒரே நடையின் நிறுத்தங்கள். சில சமயம் நடை திரும்பியும் வரும். மைலேஜ் முதலில் மைலுக்கு இவ்வளவு என்று கொடுத்த பயணப்படி; இன்று நாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோம்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஆவரேஜ். பிறப்பால் அது இந்தக் குடும்பமே இல்லை. சரக்குச் சேதத்தைக் குறித்த அரபுச் சொல் இத்தாலிய வணிகரிடம் ‘அவாரியா’ ஆனது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. துறைமுகக் கட்டணங்கள் பலவும் ‘ஏஜ்’ என்று முடிவதைப் பார்த்து இதற்கும் அந்த வாலை ஒட்டிவிட்டார்கள். அரபுத் தேசங்களோடு கடல் வாணிகம் செய்த கீழக்கரையில் இதைச் சொன்னால் யாரும் வியக்க மாட்டார்கள்.

புயலில் கப்பல் தப்ப வேண்டும் என்று ஒருவருடைய முண்டு மிளகாய் மூட்டைகளைக் கடலில் தள்ளுகிறார்கள். கப்பலும் தப்பியது, மற்றவர்கள் சரக்கும் தப்பியது. நஷ்டம் அந்த ஒருவர் தலையில் மட்டும் விழலாமா? கூடாது, தப்பிய சரக்கின் மதிப்புக்கேற்ப எல்லோரும் ஈடு செய்ய வேண்டும் என்பது கிரேக்கத்து ரோட்ஸ் தீவின் பெயரால் ரோமானியர் ஏற்றுக்கொண்ட பழைய கடல் சட்டம். அந்தப் பங்கீட்டுக்குத்தான் ஆவரேஜ் என்று பெயர். கணக்குப் பாடத்துச் சராசரி அதிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கிளைத்தது. சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2021இல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிய எவர் கிவன் கப்பல் மீண்டதும், உரிமையாளர் ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவித்தார். கன்டெய்னர்களில் சரக்கு ஏற்றியிருந்தவர்களும் மீட்புச் செலவில் பங்கேற்க வேண்டியதாயிற்று. அந்த மீட்பு சால்வேஜ். அதுவும் முதலில் மீட்டவருக்குக் கொடுத்த கூலிதான்.

ரயில்வே சரக்குக் கொட்டகையில் பெரியவர்களே குழப்பிக்கொள்ளும் இரண்டு தாமதக் கட்டணங்கள் உண்டு. வேகனை இலவச நேரத்துக்கு மேல் பிடித்து வைத்தால் டெமரேஜ். சரக்கை இறக்கிவிட்டு எடுத்துப் போகாமல் கிடத்தினால் வார்ஃபேஜ்.

கேபேஜ், சாசேஜ் போன்றவற்றில் வால் இருப்பதுபோலத் தெரியும். அது விகுதி அல்ல, விட்டுவிடுங்கள்.

கடைசியாக வேஸ்டேஜ். மீனை அரிந்த பிறகு ஒதுக்கிப்போடும் செதிலும் குடலும் வேஸ்ட், அதாவது கழிவு. பெட்டியில் நிரப்பிய ஐஸ் லாரி மதுரை போய்ச் சேர்வதற்குள் உருகிக் குறைந்தால் அந்தக் குறைவு வேஸ்டேஜ். யாரும் தூக்கி எறியவில்லை. வேலையின் போக்கிலேயே போன அளவு. நகைக்கடை ரசீதில் சேதாரத்தை வேஸ்டேஜ் என்று அச்சிடுவது அதனால் சரிதான் (சதவீதம் சரியா என்பது வேறு வழக்கு). சோற்றை வீணாக்குவதை மட்டும் நம் ஊரில் ‘ஃபுட் வேஸ்டேஜ்’ என்று எழுதுகிறோம். ‘ஃபுட் வேஸ்ட்’ என்றே எழுதப் பழக்குங்கள்.