நெட்வொர்க் அடாப்டரின் அமைப்புகளுக்குக் கடவுச்சொல் போட முடியுமா?

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் விண்டோஸ் 11 ப்ரோ உள்ள கணினிகளில் மாணவர்கள் நெட்வொர்க் அடாப்டரின் ஐபி முகவரியையும் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் சர்வர்) முகவரியையும் மாற்றிவிடுகிறார்கள். ஒரே ஐபி இரண்டு கணினிகளுக்கு வந்து இணைப்பு அறுந்துபோகிறது. தடுத்து வைத்த தளங்களும் திறக்கின்றன. அடாப்டருக்கு மட்டும் தனியாக ஒரு கடவுச்சொல் போட வழி உண்டா?

பதில்: உங்கள் கணினிகளில் இருப்பவை போன்ற சாதாரண அடாப்டர்களில் அப்படி ஒரு வசதி இல்லை. நீங்கள் காக்க விரும்பும் ஐபி, கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் ஆகியவை அடாப்டர் அட்டைக்குள் இருப்பவையே அல்ல. அவை விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் சேமிக்கப்படுகின்றன. அட்டையின் நினைவகத்தில் நிலையாக இருப்பவை அட்டையை அடையாளம் காட்டும் 48 பிட் மேக் முகவரி, நெட்வொர்க் வழியாகக் கணினியைத் துவக்குவது போன்ற சில தேர்வுகள் முதலியவை. சர்வர்களுக்கான மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ் போன்ற அட்டைகளில் ஃபர்ம்வேரை (அட்டைக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) யாரும் மாற்றாதபடி ஒரு சாவியை அமைக்கலாம் என்றாலும், அதுவும் ஐபி முகவரியைக் காப்பதற்காக ஏற்பட்டதல்ல.

ஆகவே பூட்டு போட வேண்டிய இடம் பயனர் கணக்கு. மாணவர்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள கணக்கில் நுழைகிறார்கள் என்றே உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. அவர்களுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு ஒன்றை உருவாக்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் கடவுச்சொல்லை உங்களிடம் மட்டும் வைத்துக்கொண்டால், அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறக்க முயலும்போதே விண்டோஸ் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும். நீங்கள் கேட்டது இதுதான். மாணவர் கணக்கு ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்’ என்ற குழுவில் இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். அதில் இருப்பவர்கள் அட்மினிஸ்ட்ரேட்டராக இல்லாமலேயே ஐபியை மாற்றலாம்.

விண்டோஸில் பயனர்களுக்கான விதிகளை அமைக்கும் குரூப் பாலிசியில் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸை மறைக்கும் விதிகள் உண்டு. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையைக் கையில் கொடுத்துவிட்டு இவற்றை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாளரம் மறைந்தாலும் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒரே கட்டளையால் அதே மாற்றத்தைச் செய்துவிட முடியும்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன் கணினியைத் துவக்கும் மென்பொருள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றினால் விண்டோஸ் கணக்கின் கட்டுப்பாடு எதுவும் அங்கே செல்லாது. ஐபியையும் மேக் முகவரியையும் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். அதைவிடக் கவலைக்குரியது, அதே வழியில் விண்டோஸ் இருக்கும் வட்டைத் திறந்து அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லையே அழித்துவிட முடியும் என்பது. எனவே பயாஸில் சூப்பர்வைசர் கடவுச்சொல் வைத்து, யுஎஸ்பியிலிருந்தும் நெட்வொர்க்கிலிருந்தும் துவங்குவதை நிறுத்துங்கள். துவக்கத் தேர்வுப் பட்டியலும் கடவுச்சொல் இல்லாமல் திறக்கக் கூடாது. பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றினாலே அந்தக் கடவுச்சொல் போய்விடும் என்பதால், பெட்டிக்குப் பூட்டு போடுவதும் வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கரைப் போடுவதும் தேவையாகின்றன. பிட்லாக்கரின் மீட்புச் சாவியை அச்சிட்டு அலுவலகத்தில் வைக்காமல் அதை இயக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் தடுத்த தளங்கள் திறக்கக்கூடும். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளின் அமைப்புகளிலேயே, டிஎன்எஸ் கோரிக்கைகளை மறையாக்கம் செய்து வேறு சர்வருக்கு அனுப்பக்கூடிய ‘செக்யூர் டிஎன்எஸ்’ வசதி இருக்கிறது. அதை மாற்ற அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் தேவையில்லை, அடாப்டரைத் தொடவும் வேண்டியதில்லை. உலாவிக்கான பாலிசி மூலம் அதை அணைத்து வையுங்கள். அதேபோல், ஒரு மாணவர் தன் கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கை (கைபேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதியை) இயக்கினால், விண்டோஸ் அதைப் புதிய அடாப்டராக ஏற்று, உங்கள் ரவுட்டரைத் தொடாமலே இணையத்துக்குப் போய்விடும். புதிய சாதனங்களை நிறுவுவதைத் தடுக்கும் விதி குரூப் பாலிசியில் இருக்கிறது; ஆய்வகத்தில் இப்போது உள்ள விசைப்பலகையும் மவுஸும் இணைந்திருக்கும்போதே அதை ஒரு கணினியில் மட்டும் இயக்கிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குக் கொண்டுபோங்கள்.

ரவுட்டரிலும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு கணினியின் மேக் முகவரிக்கும் ஒரு ஐபியை டிஎச்சிபியில் (ரவுட்டர் ஐபியைத் தானாக வழங்கும் வசதியில்) ஒதுக்கிவிட்டு, கணினிகளில் ஐபியைத் தானாகப் பெறும்படி வையுங்கள். ஆய்வகத்திலிருந்து 53ஆம் போர்ட் வழியாக வெளியே போகும் டிஎன்எஸ் கோரிக்கைகளை, நீங்கள் தேர்ந்தெடுத்த சர்வருக்கு மட்டும் அனுமதியுங்கள். அப்போது ஒருவர் அடாப்டரில் மறையாக்கம் இல்லாத வேறு டிஎன்எஸ் எழுதினாலும் அது பயன்படாது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் இன்னும் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லிலேயே இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள்.

முடித்ததும் மாணவர் கணக்கில் நுழைந்து, ஐபியை மாற்றுவது, உலாவியில் டிஎன்எஸை மாற்றுவது, கைபேசியை இணைப்பது, பென்டிரைவிலிருந்து துவக்குவது ஆகிய நான்கையும் நீங்களே முயன்று பாருங்கள். எதற்காவது வழி கிடைத்தால் அதற்குரிய அமைப்பைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.