கல்யாணப் பூவை வீட்டுலயே கட்டிரலாமா?

கேள்வி: அக்கா, வர்ற வைகாசில எனக்குக் கல்யாணம். அம்பாசமுத்திரம் பக்கம் கிராமம். அப்பா வயல் வேலை, அம்மா பீடி சுத்துதாங்க. மேடை, வாசல், மாலை, தலைப்பூ எல்லாத்துக்கும் சேத்து டெக்கரேஷன்காரர் 45 ஆயிரம் கேக்காரு. நாங்களே பூ வாங்கிக் கட்டிரலாம்னு பாத்தா சொந்தக்காரங்க எல்லாம் கடைசி நேரத்துல மானம் போயிரும்னு பயமுறுத்துதாங்க. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, தாராளமா கட்டலாம். அம்மா பீடி சுத்துதாங்கன்னு எழுதிருக்க பாரு, அதுலயே பாதி வேலை முடிஞ்சிட்டு. இலையை வெட்டி தூளை வச்சி சுருட்டி நூலைச் சுத்துத விரலுக்கு பூ கட்டுத சுருக்கு ஒரு சாயங்காலத்துல வந்துரும். ரெண்டு பூ இந்தப் பக்கம் ரெண்டு பூ அந்தப் பக்கம், காம்பு ரெண்டும் நடுவுல முட்டணும், நாரை ஒரு சுத்து சுத்தி வளையத்துக்குள்ள விட்டு இழுக்கணும், அவ்வளவுதான். இழுக்கும்போது காம்பு நசுங்கக் கூடாது, நசுங்குன பூ முதல்ல கறுத்துரும். வாழைநாருக்கு உங்க ஊர்ல பஞ்சமே கிடையாது. தண்ணில ஊறப் போட்டு நகத்தால மெல்லிசா கிழிச்சிக்கிடுங்க.

ஆனா பொண்ணு மாப்பிள்ளை மாலை ரெண்டையும் மாலை கட்டுதவர்ட்டயே குடுத்திரு, அதுல மிச்சம் பிடிக்காத. கழுத்து மாலை ரெண்டு பக்கமும் ஒரே கனத்துல தொங்கணும், கட்டு தளந்தா மணவறைலயே உதிரும். கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைல அரளியையும் நொச்சி இலையையும் வச்சிக் கட்டுத மாணிக்க மாலைக்கு 2025ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, பரம்பரையா செய்யுத கை வேலை அது. நாம ஒரு வாரத்துல பழகிர முடியாது.

மத்ததெல்லாம் உங்க வீட்டு வேலை. எந்தப் பூ எத்தனை நேரம் தாங்கும்னு பாத்து அந்த வரிசைல கட்டணும், இங்கதான் நெறைய பேரு தப்பு பண்ணுதாங்க. வாடாமல்லி பேருக்கேத்த மாதிரி வாடாம நிக்கும், கோழிக்கொண்டையும் தாங்கும், ரெண்டையும் ரெண்டு நாள் முந்தியே கோத்துரலாம். கேந்தியை, அதான் செண்டுமல்லியை, காம்பைக் கிள்ளிட்டு நடுவுல ஊசி குத்திக் கோத்து நிழல்ல காத்தாடத் தொங்க விடுங்க, ஈரத்தோட குவிச்சிப் போட்டா உள்ளுக்குள்ள சூடேறி அழுகிரும். எத்தனை கிலோ வேணும்னு யார்ட்டயும் கேக்காத, இப்பவே கால் கிலோ வாங்கி ஒரு சரம் கோத்துப் பாரு, மேடைக்கு எத்தனை சரமோ அத வச்சி கணக்கு தன்னால வந்துரும். நடுவுல மாவிலையை மடிச்சிக் கோத்தா பூ பாதிக்குப் பாதி மிச்சம். அரளி சேத்தா சின்னப் பிள்ளைக அதை வாயில வைக்காம பாத்துக்கிடுங்க, அது விஷம்.

மல்லிகையும் பிச்சியும் முந்தின நாள் மட்டும்தான். பிச்சி வாசம் தூக்கும், ஆனா சீக்கிரம் வாடிரும், அதனால முகூர்த்தத் தலைப்பூவுக்கு மல்லி மொட்டே நல்லது. எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல ராத்திரி பூவு மேல தண்ணி தெளிச்சி பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிட்டோம், விடியக்காலம் பிரிச்சா அம்புட்டும் பழுப்பு, அவ முகத்தைப் பாக்க முடியல எனக்கு, இன்னைக்கும் அதை நெனைச்சா மனசு பிசையும். துணியை நனைச்சி நல்லாப் பிழிஞ்சி விரிச்சி, அது மேல வாழையிலைல சுத்துன சரத்தை வச்சி ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வைங்க, ஃப்ரீசர்ல வச்சிராதீங்க.

பூ விலை முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் தாறுமாறா ஏறும். சங்கரன்கோவில் மார்க்கெட்டுல ஏற்கெனவே வாங்குத பூக்காரர் யாராவது உங்க ஊர்ல இருந்தா அவர்ட்ட இப்பமே சொல்லி வச்சிரு, நேரா போயி பேரம் பேசுததை விட அது லேசு. வைகாசில மல்லி வரத்து நல்லாவே இருக்கும், மார்கழி மாதிரி பனில பூ இல்லாம தவிக்க வேண்டாம்.

வாசலுக்குப் பூவே வேண்டாம் தங்கச்சி. குலை தள்ளுன வாழை ரெண்டு, கூந்தப்பனை, செவ்விளநீர்க் குலை, குருத்தோலைத் தோரணம், நம்ம ஊரு கல்யாண வாசல்னா அதுதான், அப்பாட்ட சொன்னா போதும்.

இன்னொன்னு, முந்தின நாள் சாயங்காலம் நீ பூ கட்ட உக்காராத. மதினி, சித்திமார், தெருப் பிள்ளைகன்னு ஆறு பேருக்கு முன்கூட்டியே சொல்லி வையி, ராத்திரி பத்து மணிக்குள்ள வேலை முடியட்டும், நீ போயித் தூங்கு. கட்டுன சரத்துல ரெண்டு முழம் மட்டும் தனியா இலைல சுத்தி வைக்கச் சொல்லு. காலைல பரபரப்புல உங்க அம்மா தலைக்குப் பூ வைக்க மறந்துருவாங்க, மணவறைக்குப் போறதுக்கு முன்ன நீயே வச்சி விடு.