கொலைகாரன் சட்டையை எந்தத் தண்ணீரில் ஊறவைப்பான்?

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் நண்பர்களோடு 25 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். பகலில் பேக்கரியில் கணக்கு எழுதுகிறவன், இரவில் கொலை செய்கிறான். அவன், அம்மா, முதலாளி, இவர்கள்தான் முக்கியப் பாத்திரங்கள். அவன்தான் கொலைகாரன் என்பது கடைசியில் உடைகிறது. ஆனால் ஸ்கிரிப்ட் படித்தவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். எப்படி மறைப்பது? ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன்.

வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

மறைக்காதீர்கள். மூன்றே பேர் இருக்கிற கதையில் அம்மாவையும் முதலாளியையும் கழித்தால் மிச்சம் யார்? ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) கடைசிவரை மறைக்க முடிந்ததற்குக் காரணம், பழியைச் சுமக்க அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதாக நம்மை நம்பவைத்ததுதான். உங்களிடம் அந்த ஆள் இல்லை. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) வேறு வழியில் போகிறது. திலீப் யார் என்று நமக்குத் தெரியும், அவனைக் கட்டிக்கொண்ட சாரதாவுக்குத் தெரியாது. அவள் அந்த வீட்டில் ஒரு கதவைத் திறந்தாலே நமக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் கதையில் அந்த இடத்தில் அம்மாவை வையுங்கள்.

அதற்கு வழி ஏழாவது காட்சியிலேயே இருக்கிறது. வீடு திரும்பியவன் சட்டையை வெந்நீரில் ஊறவைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. சூட்டில் ரத்தத்தின் புரதம் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும், கறை பழுப்பாக நின்றுவிடும். பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், அதுவும் காய்வதற்குள். பலமுறை செய்தவனுக்கு இது தெரிந்திருக்கும். அவன் அப்படியே ஊறப்போட்டுத் தூங்கட்டும். விடிகாலையில் அம்மா வாளியைப் பார்த்து, “வெந்நி வெச்சித் தரேன்டா, அழுக்கு நல்லாப் போவும்” என்று அடுப்பைப் பற்றவைக்கட்டும். “வேணாம்மா” என்று அவன் வாளியைத் தூக்கும்போது கேமரா கையில் இருக்கட்டும், முகத்துக்குப் போகவேண்டாம். தண்ணீர் லேசாக ரோஸ் நிறத்தில் இருந்தால் போதும். சிவப்பாக இருந்தால் அம்மாவுக்குக் கண் தெரியாதா என்று கேட்பார்கள்.

ரத்தத்துக்கு வெறும் சாயம் கரைத்தால் ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். ஒரு கப் கெட்டியான சர்க்கரைப் பாகு, ஒரு டீஸ்பூன் சிவப்பு ஃபுட் கலர், இரண்டு சிட்டிகை கோகோ பவுடர். கோகோதான் பளபளப்பான சிவப்பை அடக்கும். (‘சைக்கோ’ கறுப்பு வெள்ளைப் படம், அவர்களுக்குச் சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது.) சாயம் துணியை விட்டுப் போகாது, ஒரே மாதிரி மூன்று சட்டை வாங்கிவிடுங்கள். தரையை உடனே துடைக்காவிட்டால் அடுத்த டேக்கில் எறும்பும் நடிக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு அவன் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காரில் போகிறான். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்களே! நடக்கவிடுங்கள். கூட்டத்தோடு சுண்டல் தின்றபடி போகிறவனைப் பார்த்தால்தான் பயம் வரும். சில்வர் பீச்சில் சூரியன் கடலுக்குள் மறைகிற வரியையும் அடித்துவிடுங்கள். கடலூர்க்காரர் எழுதியதா அது?

டாக்டர் வந்து அவன் சிறுவயதை விளக்கும் கடைசி நான்கு நிமிடம் வேண்டாம். ‘சைக்கோ’வே அப்படியொரு விளக்கத்தில்தான் தொய்கிறது. அந்த நேரம் மிச்சமானால், அம்மா அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து தண்ணீர் கொதிக்கிற வரை வெட்டாமல் காட்டலாம்.